குப்பை என்று ஒதுக்கிய இரண்டு பீரோ

போன மாதம் எங்கள் பேட்டை வாசகசாலையில் ஒரு கூட்டம் நடந்தது. வந்தவர்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் டீக்காக வந்தவர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், சொல்லவில்லை. கூட்டத்தின் பொருள் இடப்பற்றாக்குறை. வாசகசாலையில் இருப்பது ஆறு பீரோ. அதில் இரண்டு பீரோ நிறைய மர்மக் கதைகளும் துப்பறியும் கதைகளும். தமிழ்வாணன், சுஜாதா, ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்களைக் கிழித்துச் சேர்த்து யாரோ ஒரு புண்ணியவான் பைண்டு செய்து கொடுத்தவையும் உண்டு. இந்த இரண்டு பீரோவையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் போட்டித் தேர்வு கைடுகளும் வாழ்க்கையில் முன்னேறும் வழிகளைச் சொல்லும் புத்தகங்களும் வைப்பது என்று தீர்மானம்.

முன்மொழிந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நல்ல மனிதர். அவர் வீட்டில் எத்தனையோ முறை காபி குடித்திருக்கிறேன், இனியும் குடிப்பேன். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "சார், ஒரு வயசுக்கு மேல மனுஷன் குப்பையைப் படிக்கக்கூடாது. சின்னப் பசங்க கண்ணுலயும் அது படக்கூடாது."

கை தூக்கச் சொன்னார்கள். ஏழுக்கு நாலு. நான் அந்த நாலில் ஒருவன். அன்றைக்கு வாயைத் திறந்து ஒழுங்காக நாலு வார்த்தை பேசினேனா என்றால் இல்லை. ஆயுசு முழுக்க குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கூட்டத்தில் பேச வராது. குறிப்பு எழுதத்தான் வரும். எனவே கோப்பில் எழுதுவது போலவே, வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் எழுதுகிறேன். பீரோவைக் காலி செய்ய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

முதல் வாதம்: இவை குப்பை.

யார் சொன்னது? எப்போது சொன்னது? இந்த இரண்டு கேள்வியும் முக்கியம். 1857-ல் பாரீஸ் நீதிமன்றத்தில் ஒரு நாவலாசிரியரை நிறுத்தி, உன் புத்தகம் ஒழுக்கக்கேடு என்று வழக்கு நடத்தினார்கள். அவர் பெயர் ஃப்ளொபேர், நாவல் 'மதாம் பொவாரி'. விடுதலையாகிவிட்டார். நூறு வருஷம் கழித்து அதே நாவலைத்தான் எங்களுக்கு வகுப்பில், கையில் பிரம்போடு நின்று, இலக்கியத்தின் சிகரம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சொன்னவர்கள்தான் மாறினார்கள்.

துப்பறியும் கதைக்கும் இதே கதிதான். மெக்ரே என்ற போலீஸ் அதிகாரியை வைத்து 1931 முதல் எழுபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார் ழோர்ழ் சிமெனோன். ரயிலடியில் வாங்கி, இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போகிற புத்தகங்கள் என்று அவற்றை இளக்காரமாகப் பார்த்தவர்கள் உண்டு. நோபல் பரிசு பெற்ற ஆந்த்ரே ழீத் அவற்றைத் தேடித் தேடிப் படித்து, சிமெனோனுக்குக் கடிதமும் எழுதிக்கொண்டிருந்தார். ழீத் குப்பை பொறுக்கினார் என்று நம் பேராசிரியர் சொல்வாரா?

நம் பக்கத்துக்கே வருகிறேன். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி அய்யங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் நாவல்களை அந்தக் காலத்துப் பண்டிதர்கள் மதிக்கவில்லை. ஆனால் அச்சுப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி, திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்கிற பழக்கத்தை வீட்டுக்கு வீடு கொண்டுவந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கு அதே நாவல்களை வைத்துப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்கிறார்கள். அன்றைக்கு நம்மைப் போல ஒரு வாசகசாலைக் கமிட்டி இடமில்லை என்று பேப்பர்காரரிடம் எடை போட்டிருந்தால், ஆராய்ச்சிக்கு ஒரு பிரதியும் மிஞ்சியிருக்காது.

குப்பையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டு பீரோவில் படு மோசமான கதைகளும் இருக்கின்றன. முப்பதாம் பக்கத்தில் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடலாம். மற்ற நாலு பீரோவில் மட்டும் என்ன வாழ்கிறது? வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தி, தலைவர் கையால் வாங்கி, இன்றுவரை பக்கம் பிரிக்காமல் இருக்கும் கவிதைத் தொகுப்புகள் எத்தனை! அவற்றை யாரும் எடைக்குப் போடச் சொல்லவில்லை.

இரண்டாவது வாதம்: நேரம் வீண்.

எனக்குத் தெரிந்த ஒரு வீணான நேரத்தைச் சொல்கிறேன். நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1950-களில், 60-களில் புதுச்சேரியில் அப்படிப் படித்தவர்களுக்குப் புரியும். ரசீனும் கொர்னேயும் மனப்பாடம். பிரெவே பரீட்சைக்குப் போகிற வயதில் பிரெஞ்சு மன்னர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வேன். தமிழ் ஒரு சிறு பாடம், அவ்வளவுதான். வீட்டில் பேசுவதெல்லாம் தமிழ். ஆனால் ஒரு தமிழ்ப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கத் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

எனக்குத் தமிழ் படிக்கக் கற்றுக்கொடுத்தது எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. எங்கள் தெருமுனை முடிவெட்டும் கடை. அங்கே 'கல்கண்டு' பத்திரிகை கிடக்கும். கூடவே தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகள். சங்கர்லால் தேநீர் குடிக்கும்போதெல்லாம் அடுத்து என்ன ஆகுமோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். என் முறை வந்தும் "அண்ணே, நீங்க முதல்ல போங்க" என்று பின்னால் வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் படித்தேன். ஆறே மாதத்தில் எழுத்துக் கூட்டுவது நின்றது. கண் வரியில் தானாக ஓட ஆரம்பித்தது.

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். சங்கர்லாலிலிருந்து சுஜாதாவின் கணேஷ், வசந்த். அங்கிருந்து, யாரோ கொடுத்து, உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. அந்தத் தடிப் புத்தகத்தைத் தமிழ்த்தொண்டு என்று நினைத்து நான் எடுக்கவில்லை. எடுத்த பிறகு வைக்க முடியவில்லை, காரணம் அது ஒரு துப்பறியும் கதை. 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று ஐயரிடம் கேட்கிறார். ஐயர் படித்ததில்லை. அந்த ஒரு கேள்வியிலிருந்து ஏடு தேடி ஊர் ஊராக அலைச்சல். நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோள் வரும், எந்த நூல் என்று பெயர் இருக்காது. அந்தத் துண்டு வரியை வைத்துக்கொண்டு மூல நூலைத் தேடுகிறார். சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது 1887-ல். தடயத்தைப் பிடித்துக்கொண்டு ஏழு வருஷம் விடாமல் போன மனிதரை மெக்ரேயோடு சேர்த்து வைக்காமல் வேறு எங்கே வைப்பது?

காரைக்காலம்மையாரிடம் நான் போன வழி இன்னும் வேடிக்கை. நம் ஊர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956-ல் அம்மையாரின் பாடல்களைக் காரவேலன் அவர்களின் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் முதல் வெளியீடே அதுதான். தமிழ் மூலம் கடினமாக இருந்த இடத்தில் பிரெஞ்சைப் பார்த்துக்கொண்டேன், பிரெஞ்சு வெறும் அர்த்தமாக நின்ற இடத்தில் தமிழுக்குத் திரும்பினேன். காரைக்கால் அம்மையை ஒரு புதுச்சேரிக்காரன் பிரெஞ்சு வழியாகப் போய்ப் பார்த்தது வெட்கமா, பெருமையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் தமிழ்வாணன் இல்லாவிட்டால் அந்தத் தமிழ்ப் பக்கத்தை என் கண் தாண்டிப் போயிருக்கும் என்பது மட்டும் நிச்சயம். முடிவெட்டும் கடையில் நான் வீணாக்கிய நேரம் இதுதான்.

மூன்றாவது வாதம்: மர்மக் கதை படிப்பவன் அதிலேயே கிடப்பான், மேலே வர மாட்டான்.

இதற்கு ஒரு புத்தகத்தின் கதையைச் சொல்ல வேண்டும். பல வருஷங்களுக்கு முன் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், தரையில் விரித்திருந்த சாக்கின் மேல் ஒரு பிரெஞ்சுப் புத்தகம் கிடந்தது. தலைப்பு 'பாலாடைக்கட்டியும் புழுக்களும்'. சமையல் புத்தகம் போலிருக்கிறதே என்று பின் அட்டையைப் பார்த்தேன். விசாரணை, சாட்சி, நீதிபதி, தண்டனை என்று இருந்தது. சரி, துப்பறியும் கதைதான் என்று வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால் கனமான வரலாற்று ஆராய்ச்சி. எழுதியவர் இத்தாலிய அறிஞர் கார்லோ கின்ஸ்புர்க், மூலநூல் 1976-ல் வந்தது. மூன்று இரவில் முடித்தேன்.

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஒரு சிற்றூர். அங்கே மாவு அரைக்கும் தொழில் செய்த ஒருவர், ஊரார் மெனோக்கியோ என்று கூப்பிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியும். கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார். சிலவற்றை விலைக்கு வாங்கினார், பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் இரவல். வேத புத்தகம், புனிதர் கதை, தூர தேசங்களின் அதிசயங்களைச் சொல்லும் பயணக் கதை என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத புத்தகங்கள். படித்ததைத் தன் அறிவில் போட்டு அரைத்து, தானே ஓர் உலகக் கணக்கு வைத்துக்கொண்டார். பால் திரிந்து கட்டியாகி அதில் புழு தோன்றுவது போலத்தான் இந்த உலகமும் தேவதூதர்களும் தோன்றினார்கள் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மதவிசாரணைக்காரர்கள் 1584-ல் பிடித்து விசாரித்தார்கள், 1599-ல் மறுபடியும் விசாரித்து மரண தண்டனை கொடுத்துவிட்டார்கள். விசாரணையில் அவர்களைத் துளைத்த சந்தேகம் ஒன்றுதான். ஒரு மாவரைக்கிறவனுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?

கண்ட கண்ட புத்தகத்தைப் படிக்கிறவனைக் கண்டு பெரியவர்கள் ஏன் கலங்குகிறார்கள் என்பது எனக்கு அந்தப் புத்தகத்தில்தான் விளங்கியது. வரிசைப்படி படிக்கிறவன் என்ன நினைப்பான் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கிடைத்ததைப் படிக்கிறவன் எங்கே போய் நிற்பான் என்று யாருக்கும் தெரியாது.

அதே கின்ஸ்புர்க் பிறகு ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார்: ஓவியத்தின் காது மடலையும் விரல் நகத்தையும் பார்த்து ஓவியரைக் கண்டுபிடித்த மொரெல்லி, சிகரெட் சாம்பலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்த ஷெர்லாக் ஹோம்ஸ், வாய்தவறி வந்த சொல்லை வைத்து மனதைப் படித்த ஃப்ராய்ட், இவர்கள் மூவரும் ஒரே வழியில்தான் போனார்கள் என்று. யாரும் கவனிக்காத சின்ன அடையாளத்திலிருந்து பெரிய உண்மைக்குப் போகும் வழி. வரலாற்றாசிரியர் செய்வதும் அதுவே என்கிறார். ஆக, துப்பறியும் கதையும் ஆராய்ச்சி நூலும் தூரத்து உறவுகூட இல்லை, உடன்பிறப்புகள்.

இதை நான் ஆபீசிலேயே பார்த்திருக்கிறேன். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். ஒரு விதவை அம்மாவின் குடும்பப் பென்ஷன் கோப்பு வருஷக்கணக்காகக் கிடந்தது. கணவரின் பணிப் பதிவேட்டில் நடுவே சில வருஷம் வேலைக்கு வராததாகப் பதிவு. நான் அதைப் புரட்டும்போது ஒன்று கண்ணில் பட்டது. ஐந்து வெவ்வேறு வருஷத்துப் பதிவுகள், ஒரே மை, ஒரே கையெழுத்து, பேனா அழுத்தமும் ஒன்று. ஐந்து வருஷத்தில் மூன்று குமாஸ்தா மாறியிருப்பார்களே! பழைய ஏடு வீணானதால் யாரோ ஒரே உட்காரலில் பெயர்த்து எழுதியிருக்கிறார், எழுதும்போது தவறியிருக்கிறார். சம்பளப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். மனிதர் எல்லா மாதமும் சம்பளம் வாங்கியிருக்கிறார். அந்த அம்மாவுக்குப் பென்ஷன் வந்தது. மையைப் பார் என்று எனக்கு எந்த இலாகாப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. பேராசிரியர் சொன்ன குப்பைதான் சொல்லிக்கொடுத்தது.

இதுவரை எதிர்க்கட்சியைத் திட்டினேன். இனி நம் கட்சி.

மர்மக் கதை படிக்கும் நண்பர்களே, நம் பக்கத்திலும் ஒரு திமிர் இருக்கிறது. "ஆராய்ச்சிப் புத்தகமா? அதெல்லாம் படிச்சவங்களுக்கு" என்று கையை உதறுகிறோம். அடக்கம் போலத் தெரிகிறது, உண்மையில் சோம்பல். செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் இருக்கிறது. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகளை, சுமார் 11,000, 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ அதற்காக ஆட்கள் வருகிறார்கள். தினமும் அந்த வீதி வழியாகக் கடற்கரைக்கு வாக்கிங் போகும் நம்மில் எத்தனை பேர், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது விசாரித்திருக்கிறோம்?

அவ்வளவு தூரம் வேண்டாம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுங்கள். 1736 முதல் 1761 வரை நம் ஊரில் நடந்ததை, நம் ஊர்க்காரர், நம் ஊர்த் தமிழில் எழுதியது. கனகராய முதலியார் இறந்த பிறகு துபாஷ் பதவி யாருக்கு என்று ஆளுக்கு ஆள் காய் நகர்த்துகிறார்கள். துய்ப்ளேக்ஸ் துரையின் மனைவி உள்ளே ஒரு ஆட்டம் ஆடுகிறார். 1748-ல் இங்கிலீஷ்காரன் கோட்டையை முற்றுகை போடுகிறான், வேதபுரீஸ்வரர் கோயில் இடிபடுகிறது. பிள்ளைக்கே மறுநாள் என்ன ஆகும் என்று தெரியாமல் எழுதுகிறார். கதாசிரியனுக்கு முடிவு தெரியும், நாட்குறிப்பு எழுதுகிறவனுக்குத் தெரியாது. இதைவிடப் பெரிய மர்மக் கதை எந்த பீரோவில் இருக்கிறது? ஆனால் இதை ஆராய்ச்சி நூல் என்று முத்திரை குத்தி வைத்ததால் மர்மக் கதைக்காரர் தொடுவதில்லை. சுவாரசியமாக இருப்பதால் பண்டிதர் அதை ரசித்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை. நடுவில் புத்தகம் தூசு தின்கிறது.

டேனியல் பெனாக் என்ற பிரெஞ்சு வாத்தியார் 1992-ல் வாசிப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் வாசகனுக்குப் பத்து உரிமைகள் என்று பட்டியல் உண்டு. பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை, முடிக்காமல் வைக்கும் உரிமை, எதை வேண்டுமானாலும் படிக்கும் உரிமை எல்லாம் அதில் அடக்கம். அவரே துப்பறியும் நாவல்களும் எழுதியவர் என்பதில் ஆச்சரியமில்லை. நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்கு அறுபது வருஷம் முன்பே, 1931-ல், இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். நூலகங்களின் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். அடியில் உட்கார்ந்து கை தூக்கி அதற்கு எதிராக ஓட்டுப் போடுகிறோம்.

கூட்டம் முடிந்த மறுநாள் வாசகசாலை வழங்கல் பதிவேட்டைப் புரட்டினேன், பழைய புத்தி போகாது. வெளியே போய்வந்த புத்தகங்களில் பெரும்பகுதி அந்த இரண்டு பீரோவிலிருந்துதான். கையெழுத்துகளில் இஸ்திரி வண்டிக்காரர் ஒருவருடையது அடிக்கடி வருகிறது. முதல் வருஷம் முழுக்க ராஜேஷ்குமார். பிறகு சுஜாதா. போன தீபாவளிக்குப் பிறகு 'என் சரித்திரம்', இரண்டு முறை புதுப்பித்திருக்கிறார். நான் போய் விசாரித்தேன். "ஐயா, அந்த ஐயர் சுவடி தேடி அலையுறது அப்படியே ராஜேஷ்குமார் கதை மாதிரியே இருக்குங்க" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். இந்தக் கட்டுரையில் நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருப்பதை அவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே சொல்லிவிட்டார்.

கமிட்டிக்கு எழுத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கேட்டது இரண்டே. ஒன்று, அந்த பீரோக்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இடம் போதாவிட்டால் என் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பீரோவை வைத்துக்கொள்கிறேன், சாவி வாசகசாலையிலேயே இருக்கட்டும். இரண்டு, புத்தகங்களை வகை பிரித்துத் தனித்தனிப் பூட்டில் வைக்காமல் கலந்து வையுங்கள். ராஜேஷ்குமாருக்குப் பக்கத்தில் ஆனந்தரங்கப் பிள்ளை நிற்கட்டும். ஒன்றைத் தேடி வருகிறவன் கை இன்னொன்றில் படட்டும்.

பேராசிரியருக்கு ஒரு நகல் அனுப்பினேன். கூடவே ஒரு மெக்ரே நாவலும். அவருக்குப் பிரெஞ்சு தெரியும். நாலு நாளாகப் பதில் இல்லை. படித்துக்கொண்டிருக்கிறார் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கூட்டத்துக்கு வராத உறுப்பினர்கள் இதைப் படித்தால், 20-ஆம் தேதிக்குள் வாசகசாலைக்குப் போய் மனுவில் ஒரு கையெழுத்துப் போடுங்கள். மேசை மேல்தான் இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன்.